சம்பா நெல் பயிர்க் காப்பீடு: விவசாயிகள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டம் 2016 காரீப் பருவத்திலிருந்து (தென்மேற்குப் பருவமழைக் காலச் சாகுபடி) நடைமுறையில் உள்ளது. இந்தப் பக்கம் தமிழ்நாட்டில் சம்பா, தாளடி நெல் சாகுபடி செய்பவர்களுக்கானது. காப்பீட்டுத் தொகை (முழுச் சேதத்துக்குக் கிடைக்கக்கூடிய உச்ச அளவு), பதிவு செய்யக் கடைசி நாள், எந்த மாவட்டத்துக்கு எந்த நிறுவனம் ஆகியவற்றை ஒவ்வொரு பருவத்துக்கும் அரசு தனியாக அறிவிக்கிறது. அந்த மூன்றையும் வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். போன வருடத்து எண்களை நம்பி இருக்க வேண்டாம்.

என் வயல் முழுக்கப் போய்விட்டது. பிரீமியமும் கட்டியிருக்கிறேன். ஒரு பைசா வரவில்லையே, ஏன்?

அதிகம் கேட்கப்படுவதும், அதிகம் கோபத்தோடு கேட்கப்படுவதும் இந்தக் கேள்விதான். இத்திட்டத்தில் காப்பீடு செய்யப்படுவது உங்கள் வயலின் விளைச்சல் அல்ல, உங்கள் ஊரின் சராசரி விளைச்சல். நெல்லுக்குப் பெரும்பாலும் வருவாய் கிராமமே காப்பீட்டு அலகு. சில பயிர்களுக்கு பிர்க்கா (பல வருவாய் கிராமங்கள் சேர்ந்த பகுதி). அந்த அலகின் சராசரி மகசூல் குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போனால் பதிவு செய்த எல்லோருக்கும் ஒரே விகிதத்தில் பணம் வரும். போகவில்லையென்றால் யாருக்கும் வராது. மேட்டில் நன்றாக விளைந்தவருக்குப் பணம் வருவதும், பள்ளத்தில் எல்லாம் போனவருக்கு வராமல் போவதும் இதனால்தான்.

தனி வயலைப் பார்த்துப் பணம் தரும் பிரிவுகளும் சில உண்டு. அவை குறைவு, நிபந்தனைகள் கடுமை. கீழே தனியாக விளக்கியிருக்கிறோம். பதிவு செய்யும்போதே இந்த வேறுபாட்டை யாரும் எடுத்துச் சொல்வதில்லை என்பது திட்டத்தின் பெரிய குறை.

அந்தக் 'குறிப்பிட்ட அளவு' எப்படி வருகிறது?

அதற்கு உத்தரவாத மகசூல் என்று பெயர். கடந்த 7 ஆண்டுகளின் கிராம மகசூலில் நல்ல 5 ஆண்டுகளை எடுத்துச் சராசரி காண்பார்கள். அதை இழப்பீட்டு நிலையால் பெருக்குவார்கள். இழப்பீட்டு நிலை 70, 80, 90 சதவீதம் என மூன்று வகை. உங்கள் பகுதிக்கு எது என்பது அரசு அறிவிக்கையில் இருக்கும்.

ஒரு கற்பனைக் கிராமத்தை எடுத்துக்கொள்வோம். ஹெக்டேருக்குக் கிலோ கணக்கில் ஏழு ஆண்டு மகசூல்: 5200, 4800, 2100, 5000, 4600, 5400, 3000. மோசமான 2100, 3000 இரண்டையும் விட்டுவிட்டால் மீதி ஐந்தின் சராசரி 5000. இழப்பீட்டு நிலை 80 சதவீதம் என்றால் உத்தரவாத மகசூல் 4000 கிலோ.

இந்த ஆண்டு கிராமச் சராசரி 3000 கிலோ என்று வந்தால் குறைவு 1000. அதை 4000-ஆல் வகுத்தால் 25 சதவீதம். ஏக்கருக்குக் காப்பீட்டுத் தொகை 36,000 ரூபாய் என்று வைத்தால் கிடைப்பது 9,000 ரூபாய். அதே ஊரில் இழப்பீட்டு நிலை 70 சதவீதம் என்றிருந்தால் உத்தரவாத மகசூல் 3500. கிடைப்பது சுமார் 5,143 ரூபாய்தான். கிராமச் சராசரி 4100 என்று வந்துவிட்டால், முதல் கணக்கிலும் பூஜ்யம்.

தொடர்ந்து வெள்ளமும் வறட்சியும் பார்த்த ஊர்களில் நல்ல ஐந்து ஆண்டுகளே கிடைக்காது. சராசரி தானாகவே இறங்கிவிடும். அடிக்கடி அடிபடும் ஊருக்குத்தான் உத்தரவாதம் குறைவு. கணக்கின் அமைப்பே அப்படி.

பிரீமியம் எவ்வளவு?

சம்பா நெல் ரபி (குளிர்காலச் சாகுபடி) பருவத்தில் வருவதால் விவசாயி கட்டுவது காப்பீட்டுத் தொகையில் 1.5 சதவீதம். 36,000 ரூபாய்க்கு 540 ரூபாய். காரீப் உணவு தானியம், எண்ணெய்வித்துகளுக்கு 2 சதவீதம். ஆண்டு வணிகப் பயிர்களுக்கும் தோட்டக்கலைப் பயிர்களுக்கும் 5 சதவீதம். நிறுவனம் கேட்கும் உண்மையான பிரீமியம் இதைவிடப் பல மடங்கு இருக்கும். மீதியை ஒன்றிய அரசும் மாநில அரசும் மானியமாகச் செலுத்துகின்றன.

பொது சேவை மையத்தில் பதிவு செய்தால் பிரீமியத்துக்கு மேல் கட்டணம் எதுவும் இல்லை. மையத்துக்குரிய சேவைத் தொகையைக் காப்பீட்டு நிறுவனமே தருகிறது. நகல் எடுத்த செலவைக் கேட்டால் வேறு விஷயம்.

பயிர்க்கடன் வாங்கியிருக்கிறேன். காப்பீடு கட்டாயமா?

2020 காரீப் முதல் கட்டாயம் இல்லை. ஆனால் வேண்டாம் என்றால் கடைசி நாளுக்கு குறைந்தது 7 நாள் முன்பு, கடன் தந்த வங்கியிலோ கூட்டுறவுச் சங்கத்திலோ எழுதிக் கொடுக்க வேண்டும். எழுதித் தராவிட்டால் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு பிரீமியத்தைப் பிடித்துவிடுவார்கள்.

இதில் மறுபக்கச் சிக்கலும் உண்டு. 'சங்கத்தில் கடன் இருக்கிறது, அவர்களே கட்டியிருப்பார்கள்' என்று இருந்துவிடுவது. கடன் புதுப்பிக்கப்படாமல் நிலுவையில் இருந்தால் பிரீமியம் போயிருக்காது. நவம்பர் முதல் வாரத்திலேயே சங்கச் செயலாளரிடம் விண்ணப்ப எண்ணைக் கேட்டு வாங்குங்கள். எண் இல்லையென்றால் காப்பீடு இல்லை.

எங்கே, என்ன எடுத்துக்கொண்டு போய்ப் பதிவு செய்ய வேண்டும்?

தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கம், வணிக வங்கி, பொது சேவை மையம், தேசியப் பயிர்க் காப்பீட்டு இணையதளம் ஆகிய எதிலும் செய்யலாம். தேவைப்படுவன: முன்மொழிவுப் படிவம், சிட்டா (நில உரிமைப் பதிவு நகல்), நடப்பு பசலி ஆண்டு அடங்கல் (எந்தப் புலத்தில் யார் என்ன பயிர் செய்கிறார் என்ற கிராமப் பதிவு) அல்லது கிராம நிர்வாக அலுவலர் (வி.ஏ.ஓ.) தரும் விதைப்புச் சான்று, வங்கிக் கணக்குப் புத்தகத்தின் முதல் பக்கம், ஆதார்.

பசலி என்பது நில வருவாய்க் கணக்கு ஆண்டு, ஜூலை 1-இல் தொடங்குகிறது. 2025 ஜூலை முதல் 2026 ஜூன் வரை பசலி 1435, அடுத்தது 1436. பழைய பசலி அடங்கலைக் கொண்டுவந்து திரும்பிப் போகிறவர்கள் ஒவ்வொரு பருவத்திலும் இருக்கிறார்கள். சம்பாவுக்கு வழக்கமான கடைசி நாள் நவம்பர் 15. சில ஆண்டுகளில் நீட்டித்ததுண்டு. ஆனால் நீட்டிப்பை எதிர்பார்த்துக் காத்திருப்பது சூதாட்டம்: கடைசி இரண்டு நாளில் இணையதளம் திணறும், வி.ஏ.ஓ. அலுவலகத்தில் வரிசை நிற்கும்.

ரசீது வாங்கிவிட்டேன். வேறு என்ன பார்க்க வேண்டும்?

அங்கேயே, கணினிக்கு முன்னால் நின்று வாசிக்க வேண்டும். பிறகு வரும் தகராறுகளில் பெரும்பகுதி இந்த ஒரு தாளில் இருக்கும் எழுத்துப் பிழையிலிருந்து பிறப்பவை.

முதலில் வருவாய் கிராமத்தின் பெயர். நீங்கள் குடியிருக்கும் ஊர் வேறு, நிலம் இருக்கும் வருவாய் கிராமம் வேறாக இருக்கலாம். ஒரே பெயரில் வடபாதி, தென்பாதி என்றும், முதல் சேத்தி, இரண்டாம் சேத்தி என்றும் பிரிந்த கிராமங்கள் டெல்டாவில் ஏராளம். பட்டியலில் தவறான பாதியைத் தட்டிவிட்டால் அந்த ஊரின் சராசரிதான் உங்களுக்கு. அந்தப் பாதிக்கு இழப்பீடு இல்லையென்றால் உங்களுக்கும் இல்லை. கடைசி நாளுக்குப் பிறகு இதைத் திருத்துவது மிகக் கடினம்.

அடுத்து பரப்பு. ஊரில் பேச்சு 'மா' கணக்கு, சிட்டாவில் ஹெக்டேர், ஏர் (ஹெக்டேரில் நூறில் ஒரு பங்கு). மையத்தில் கேட்பது ஏக்கர். ஒரு மா 33 சென்ட் சொச்சம், அதாவது சுமார் 0.135 ஹெக்டேர். ஒரு ஏக்கர் 0.405 ஹெக்டேர். சிட்டாவில் 0.40.50 என்று இருப்பது 40.5 ஏர், அதாவது ஏறக்குறைய ஒரு ஏக்கர். அதை 0.40 ஏக்கர் என்று பதிந்துவிட்டால் இழப்பீடு பாதிக்கும் கீழே இறங்கும். கூடுதலாகப் பதிந்தாலும் ஆபத்து: கிராமத்தில் உண்மையில் பயிரான பரப்பைவிடக் காப்பீடு செய்த பரப்பு அதிகம் என்று தெரிந்தால், பரப்புத் திருத்தம் என்று சொல்லி அந்த அலகில் உள்ள எல்லோரின் தொகையையும் அதே விகிதத்தில் குறைப்பார்கள். ஒருவர் பேராசைக்கு ஊரே விலை கொடுக்கும்.

பிறகு புல எண், உட்பிரிவு எண். 112/3 வேறு, 112/3ஏ வேறு. அதன்பின் பயிர்: சம்பா, தாளடி, பிசானம் ஆகியவை நெல்-2, நவரை, கோடை நெல் என்றால் நெல்-3. அடங்கலில் உள்ளதும் ரசீதில் உள்ளதும் ஒன்றாக இருக்க வேண்டும். கடைசியாகக் கணக்கு எண்ணும் வங்கிக் கிளைக் குறியீடும் (ஐ.எஃப்.எஸ்.சி.). 2020-இல் பொதுத்துறை வங்கிகள் பல இணைக்கப்பட்டபோது கிளைக் குறியீடுகள் மாறின. பழைய புத்தகத்தில் உள்ளதைக் கொடுத்துவிடாதீர்கள்.

குத்தகைக்குச் செய்கிறேன். நான் பதிவு செய்யலாமா?

செய்யலாம். குத்தகைதாரரும் பங்குச் சாகுபடியாளரும் தகுதி உள்ளவர்கள்தான். கோயில் நிலம், மடத்து நிலம் உழுபவர்களுக்கும் அப்படியே. யார் பயிர் செய்கிறார் என்று அடங்கலிலோ விதைப்புச் சான்றிலோ உங்கள் பெயர் வர வேண்டும், அவ்வளவுதான். நடைமுறையில் வாய்மொழிக் குத்தகையே அதிகம் என்பதால் சில நில உரிமையாளர்கள் பெயர் எழுதவிட மாட்டார்கள். அவர்களும் அதே புல எண்ணைப் பதிந்துவிட்டால் இரட்டைப் பதிவு என்று நிராகரிக்கப்படலாம். யார் கட்டுவது, பணம் யாருக்கு என்பதை நாற்று விடும்போதே பேசி முடித்துவிடுவது நல்லது.

பயிர் அறுவடைப் பரிசோதனை என்றால் என்ன? அதில் விவசாயி தலையிட முடியுமா?

கிராமச் சராசரி இதிலிருந்துதான் பிறக்கிறது. ஆகவே இழப்பீட்டின் விதியே இதில்தான் முடிவாகிறது. கிராமம் அலகாக இருந்தால் ஒரு பயிருக்கு குறைந்தது 4 பரிசோதனைகள். பிர்க்கா என்றால் 10. எந்தப் புல எண்கள் என்பதைக் குலுக்கல் முறையில் எடுப்பார்கள். தேர்வான வயலில் 5 மீட்டருக்கு 5 மீட்டர் அளந்து கயிறு கட்டி, அதற்குள் உள்ளதை மட்டும் அறுத்து, அடித்து, தூற்றி எடை போடுவார்கள். விவரம் புகைப்படத்தோடும் இட அடையாளத்தோடும் கைபேசிச் செயலியில் ஏறும்.

25 சதுர மீட்டர் என்பதால், கிடைத்த கிலோவை 400-ஆல் பெருக்கினால் ஹெக்டேர் மகசூல். நான்கு வயல்களில் 5, 6.5, 8, 10.5 கிலோ வந்தால் சராசரி 7.5 கிலோ, ஹெக்டேருக்கு 3000. மேலே சொன்ன கற்பனைக் கிராமத்தில் சராசரி 10 கிலோவைத் தொட்டால் யாருக்கும் இழப்பீடு இல்லை. ஒரு வயலில் அரைக் கிலோ கூடக் குறைய எழுதினால் ஹெக்டேர் சராசரி 50 கிலோ நகரும். நூற்றுக்கணக்கான ஏக்கருக்கான பணம் சில கிலோ நெல்லில் தொங்கிக்கொண்டிருக்கிறது.

விவசாயிகள் பக்கத்தில் நின்று பார்க்கலாம். காப்பீட்டு நிறுவனத்தின் ஆளும் வரலாம். அவர் வருவதால் நீங்கள் விலக வேண்டியதில்லை. எவை தப்பாகப் போகின்றன என்றால்:

தேர்வான வயலை, தகவல் தெரியாமல் உரிமையாளர் முந்தின நாளே இயந்திரம் விட்டு அறுத்துவிடுவார். மாற்று வயல் தேட வேண்டி வரும், அது பெரும்பாலும் நன்றாக நிற்கிற வயலாக இருக்கும். இதைத் தவிர்க்க, எந்தப் புல எண்கள் தேர்வாகியிருக்கின்றன என்று ஜனவரியிலேயே உதவி வேளாண்மை அலுவலரிடம் கேட்டு ஊரில் சொல்லி வையுங்கள். அடுத்தது ஈரம். மழைக்குப் பின் ஈர நெல்லை அப்படியே எடை போட்டால் மகசூல் கூடித் தெரியும். உலர்த்திய எடை எடுக்கப்படுகிறதா, ஈரப்பதம் பதியப்படுகிறதா என்று கேளுங்கள். பதரைத் தூற்றாமல் எடை போடுவதும் அப்படியே. நான்கு எடையையும் தேதியோடு ஒரு நோட்டில் குறித்து, சாட்சி நின்றவர்கள் கையெழுத்திட்டு வைத்துக்கொண்டால், பின்னால் அறிவிக்கப்படும் கிராமச் சராசரியோடு ஒப்பிட உங்களிடமும் ஒரு கணக்கு இருக்கும்.

2023 காரீப் முதல் நெல், கோதுமைக்குச் செயற்கைக்கோள் அடிப்படையிலான மகசூல் மதிப்பீட்டுக்கும் குறைந்தது 30 சதவீத எடை தரும் முறை கொண்டுவரப்பட்டுள்ளது. அது நடைமுறையில் உள்ள இடங்களில் உங்கள் நோட்டுக் கணக்கும் இறுதி எண்ணும் அச்சாகப் பொருந்தாது.

தனி வயலுக்கு எப்போது இழப்பீடு உண்டு?

ஆலங்கட்டி மழை, நிலச்சரிவு, மேகவெடிப்பு, மின்னலால் பிடித்த தீ போன்ற உள்ளூர்ப் பேரிடர்களுக்கு. உங்கள் பருவ அறிவிக்கையில் இந்தப் பிரிவு சேர்க்கப்பட்டிருக்க வேண்டும். 2020-க்குப் பிறகு எந்தெந்தக் கூடுதல் பாதுகாப்பை எடுப்பது என்பது மாநிலத்தின் விருப்பம்.

சேதம் நடந்த 72 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். 14447 என்ற இலவச எண், பயிர்க் காப்பீட்டுச் செயலி, வங்கி, வேளாண்மை அலுவலகம் எதிலும் சொல்லலாம். விண்ணப்ப எண், புல எண், பயிர், சேதமான பரப்பு, காரணம், நடந்த நாள் ஆகியவற்றைக் கையில் வைத்துக்கொண்டு அழையுங்கள். புகார் எண்ணைக் கேட்டு எழுதிக்கொள்ளாமல் போனை வைக்காதீர்கள். புயல் நேரத்தில் மின்சாரமும் தொடர்பும் இல்லாமல் மூன்று நாள் ஓடிவிடும் என்பதால், விண்ணப்ப எண்ணை முன்பே தாளில் எழுதி வைப்பது உதவும்.

அதன்பின் 48 மணி நேரத்தில் மதிப்பீட்டாளரை நியமிக்க வேண்டும், அடுத்த 10 நாளில் ஆய்வு முடிய வேண்டும். இது விதி. அவர் வரும்வரை பயிரை உழுது மடக்கிவிட வேண்டாம். வேறு வழியில்லையென்றால் இட அடையாளத்தோடு படம் எடுத்துவிட்டுச் செய்யுங்கள். இப்படிக் கிடைக்கும் தொகை, பருவ முடிவில் கிராமச் சராசரிப்படி வரும் தொகையில் கழித்துக்கொள்ளப்படும்.

வடகிழக்குப் பருவமழையில் வயல் மூழ்கிவிட்டது. அது தனி வயல் சேதம் இல்லையா?

நெல், கரும்பு, சணல் போன்றவை நீரில் நிற்கும் பயிர்கள் என்பதாலும், மூழ்கிய சேதத்தை அளப்பது கடினம் என்பதாலும் 2018-இல் நீர் சூழ்தலை நெல்லுக்கான தனி வயல் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். டெல்டா விவசாயிகளுக்கு இது பெரிய அடி. பத்து நாள் தண்ணீருக்குள் நின்று அழுகிய நாற்றுக்கும் கிராமச் சராசரி ஒன்றே கதி என்றானது.

2025 நவம்பரில் ஒன்றிய வேளாண் அமைச்சகம், 2026 காரீப் முதல் நெல் மூழ்குவதை மீண்டும் உள்ளூர்ப் பேரிடராகச் சேர்ப்பதாக அறிவித்தது. உங்கள் மாவட்டத்துக்கு இது பொருந்துகிறதா என்பதை மாநில அறிவிக்கையில் பாருங்கள். பொருந்தினால் 72 மணி நேர விதியும் புகைப்படமும் இதற்கும் உண்டு. படம் எடுக்கும்போது வரப்போ மின்கம்பமோ தெரியும்படி எடுங்கள். வெறும் தண்ணீர்ப் படத்தில் எந்த வயல் என்று யாருக்கும் தெரியாது.

அறுத்த பிறகு மழை வந்தால்?

அறுத்து வயலிலேயே காய்வதற்குப் பரப்பிப் போட்ட கதிருக்கு, அறுவடை நாளிலிருந்து 14 நாள் வரை புயல், புயல் மழை, பருவம் தவறிய மழை ஆகியவற்றுக்குப் பாதுகாப்பு உண்டு, அறிவிக்கையில் இருந்தால். இயந்திரத்தில் அறுத்துக் களத்தில் குவித்த நெல், நேரடி நெல் கொள்முதல் நிலையத்து வாசலில் காத்திருக்கும் குவியல், இவை இதில் வராது. டெல்டாவில் இப்போது கையறுப்பு அரிது என்பதால் இந்தப் பிரிவு பெரும்பாலானோருக்குக் காகிதத்தில்தான் இருக்கிறது. குவியலைக் காப்பது தார்ப்பாய்தான்.

தண்ணீர் வரவில்லை, விதைக்கவே முடியவில்லை. அதற்கு?

அலகில் 75 சதவீதத்துக்கு மேற்பட்ட பரப்பில் விதைக்க முடியாமல் போனதாக அரசு அறிவித்தால் காப்பீட்டுத் தொகையில் 25 சதவீதம் கிடைக்கும். அதோடு அந்தப் பருவத்துக்கான காப்பீடு முடிந்துவிடும். சேதத்துக்கு முன்பே பிரீமியம் கட்டியிருக்க வேண்டும். மேட்டூர் அணை திறப்பு தள்ளிப்போன பிறகு நிலைமையைப் பார்த்துக் கட்டிக்கொள்ளலாம் என்றிருந்தால் பலன் இல்லை.

காட்டுப்பன்றி, யானை?

2026 காரீப் முதல் காட்டு விலங்குச் சேதம் கூடுதல் பாதுகாப்பாகச் சேர்க்கப்பட்டுள்ளது. எந்த விலங்குகள், எந்தப் பகுதிகள் என்பதை மாநிலம் அறிவிக்க வேண்டும். மயில், எலி பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். பட்டியல் வந்தால்தான் தெரியும். வனத்துறை தரும் இழப்பீடு இதிலிருந்து வேறு.

அரசு வெள்ள நிவாரணம் வாங்கினால் காப்பீடு போய்விடுமா?

போகாது. நிவாரணம் பேரிடர் நிதியிலிருந்து வருகிறது. அதற்கு 33 சதவீதத்துக்கு மேல் சேதம் என்று வருவாய்த் துறையும் வேளாண் துறையும் கூட்டாகக் கணக்கெடுக்க வேண்டும். ஆனால் அந்தக் கணக்கெடுப்பில் '100 சதவீதச் சேதம்' என்று எழுதியிருப்பதைக் காப்பீட்டு நிறுவனத்திடம் காட்டிப் பயனில்லை. கிராமச் சராசரிக்கு அவர்கள் ஏற்பது அறுவடைப் பரிசோதனை எண்ணையும், நடைமுறையில் உள்ள இடங்களில் செயற்கைக்கோள் மதிப்பீட்டையும் மட்டுமே.

பணம் எப்போது வரும்?

அறுவடை முடிந்து ஒரு மாதத்துக்குள் மாநிலம் மகசூல் விவரம் தர வேண்டும், அது கிடைத்த மூன்று வாரத்தில் நிறுவனம் பணம் போட வேண்டும். அப்படிப் பார்த்தால் சம்பாவுக்கு மே மாதத்துக்குள் வர வேண்டும். அதற்கு மேல் தள்ளிப்போகக் காரணங்கள் பெரும்பாலும் இரண்டு: மகசூல் விவரத்தில் நிறுவனம் ஆட்சேபம் எழுப்புவது, அரசுகளின் மானியப் பங்கு முழுதாகப் போய்ச் சேராதது. ஒன்றிய அரசு, பாசனப் பகுதிகளில் 25 சதவீதப் பிரீமிய விகிதம் வரையிலும் மானாவாரியில் 30 சதவீதம் வரையிலும்தான் பங்கு தருகிறது. அதற்கு மேல் போனால் மாநிலத்தின் தலையில்.

நிறுவனமே தாமதித்தால் ஆண்டுக்கு 12 சதவீத வட்டியோடு தர வேண்டும்.

பக்கத்து வயல்காரருக்கு வந்துவிட்டது, எனக்கு மட்டும் வரவில்லை.

ஒரே கிராமம், ஒரே பயிர் என்றால் இது மகசூல் பிரச்சினை அல்ல, பதிவு அல்லது வங்கிப் பிரச்சினை. விண்ணப்ப எண்ணை இணையதளத்தில் போட்டு நிலையைப் பாருங்கள். 'நிராகரிக்கப்பட்டது' என்றால் காரணமும் இருக்கும். 'செலுத்தப்பட்டது' என்று காட்டியும் வரவில்லையென்றால், கணக்கு முடங்கியிருக்கலாம், ஆதார் வேறு கணக்கோடு இணைந்திருக்கலாம். நூறு நாள் வேலைக்காகத் திறந்த பழைய கணக்கில் பணம் போய் உட்கார்ந்திருப்பது அடிக்கடி நடக்கிறது. வங்கிக் கிளையில் ஆதார் எந்தக் கணக்கோடு இணைந்திருக்கிறது என்று கேட்டால் சொல்லிவிடுவார்கள்.

யாரிடம் முறையிடுவது?

முதலில் 14447-இல் புகார் பதிந்து எண் வாங்குங்கள். அடுத்து வட்டார வேளாண்மை உதவி இயக்குநருக்கு எழுத்து மூலம் மனு, ஒப்புகையோடு. பிறகு மாவட்ட ஆட்சியர் நடத்தும் மாதாந்திர விவசாயிகள் குறைதீர் கூட்டம். மாவட்ட அளவில் இத்திட்டத்துக்கென்றே குறைதீர்க் குழுவும் உண்டு. கூட்டத்தில் 'இழப்பீடு வரவில்லை' என்று பொதுவாகச் சொன்னால் 'பரிசீலிக்கப்படும்' என்ற பதில்தான் வரும். விண்ணப்ப எண், புல எண், புகார் எண் மூன்றையும் மனுவில் எழுதி, ரசீது நகலை இணையுங்கள்.

கிராம மகசூல் எண்ணிலேயே சந்தேகம் என்றால், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். கேள்வியைக் குறிப்பாக வையுங்கள்: இன்ன வருவாய் கிராமம், இன்ன பசலி, நெல்-2, அறுவடைப் பரிசோதனை நடந்த புல எண்கள், நாள், ஒவ்வொன்றிலும் கிடைத்த எடை, ஈரப்பதம், ஏழாண்டு மகசூல், உத்தரவாத மகசூல். பொருளியல் மற்றும் புள்ளியியல் துறை மாவட்ட அலுவலகத்துக்கும் வேளாண்மை இணை இயக்குநர் அலுவலகத்துக்கும் தனித்தனியாக அனுப்புங்கள். இரண்டு பதில்களையும் உங்கள் நோட்டில் உள்ள எடைகளோடு சேர்த்து வைத்துப் பாருங்கள்.